ஜவுளிக்கடை குமாஸ்தா மகன் பெயரில் ஒரு சிறுகோள்

திருப்பூரில் ரயிலேறிச் சென்னைக்குப் போகிறவர்கள் ஒரு மணி நேரத்துக்குள் ஈரோட்டைத் தாண்டிவிடுவார்கள். சேலம் கடந்து ஜோலார்பேட்டை வந்தால் வலப்பக்கம் ஏலகிரி. அதற்கும் அப்பால் ஜவ்வாது மலைத்தொடர். ஈரோட்டில் 1887 டிசம்பர் 22 அன்று சீனிவாச ராமானுஜன் பிறந்தார். ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் 1988 பிப்ரவரி 17 அன்று ஒரு சிறுகோள் கண்டுபிடிக்கப்பட்டது. இன்று அதன் பெயர் 4130 ராமானுஜன். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே இருக்கும் சிறுகோள் பட்டையில் அது சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. நூல் விலையும் பனியன் ஆர்டரும் பேசி வளர்கிற நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

கண்டுபிடித்தவர் ஆர். ராஜமோகன். இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் விஞ்ஞானி. காவலூரில் அந்த நிறுவனம் நடத்தும் வைணு பாப்பு வானாய்வகத்தில், சிறுகோள்களையும் வால்மீன்களையும் தேடுவதற்காகவே கல்கி என்ற பெயரில் ஒரு திட்டம் நடந்தது. அதற்கு உதவியது ஷ்மிட் வகைத் தொலைநோக்கி. மற்றத் தொலைநோக்கிகள் வானத்தின் சிறு புள்ளியை ஆழமாகப் பார்க்கும். இது அகலமான பரப்பை ஒரே படத்தில் பிடித்துவிடும். இந்த வகையை 1930-ல் ஹாம்பர்க்கில் உருவாக்கிய பெர்ன்ஹார்ட் ஷ்மிட், சிறுவயதில் வெடிமருந்து வெடித்து வலக்கையை இழந்தவர். கண்ணாடியைத் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றும் அந்த நுட்பமான வேலையை மிச்சமிருந்த ஒரு கையை வைத்தே அவர் செய்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் வியப்பு அடங்குவதில்லை.

தேடும் முறை எளிது. வானத்தின் ஒரே பகுதியை நேர இடைவெளி விட்டுப் படமெடுப்பார்கள். விண்மீன்கள் ஒன்றுக்கொன்று இடம் மாறாமல் நிற்கும். சிறுகோள் மட்டும் இரண்டாவது படத்தில் சற்றுத் தள்ளியிருக்கும். நிட்டிங் முடிந்து வரும் துணியை விளக்கு எரியும் கண்ணாடிமேல் ஓடவிட்டு, நமது செக்கிங் ஆட்கள் ஓட்டையும் ஊசிக்கோடும் எண்ணெய்க் கறையும் தேடுவார்கள். மீட்டர் கணக்கில் ஒரே மாதிரி ஓடும் துணியில் அந்த ஒன்று மட்டும் மாறித் தெரிய, கை தானாகப் போய் அதில் நிற்கும். ஆயிரக்கணக்கான புள்ளிகளில் ஒரு புள்ளி நகர்ந்திருக்கிறது என்று காண்கிற கண்ணும் அப்படிப் பழகிய கண்தான். அதற்குப் பொறுமை வேண்டும், பழக்கம் வேண்டும். பெரிய மேதையாக இருக்க வேண்டும் என்பதில்லை.

காவலூரில் அன்று கிடைத்த புள்ளிக்கு முதலில் பெயர் கிடையாது. அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் இருக்கும் சிறுகோள் மையம் அதற்கு 1988 டிக்யூ1 என்ற தற்காலிகக் குறியீட்டைத் தந்தது. அந்தக் குறியீட்டிலேயே அதன் பிறந்த நாள் ஏறக்குறைய அடங்கியிருக்கிறது. ஒவ்வொரு மாதத்தையும் இரண்டாகப் பிரித்து, ஆங்கில எழுத்துகளை வரிசையாக வைப்பார்கள். ஜனவரி முற்பாதி ஏ, பிற்பாதி பி, பிப்ரவரி முற்பாதி சி, பிற்பாதி டி. அந்த அரை மாதத்தில் எத்தனையாவதாக அறிவிக்கப்பட்டது என்பதை அடுத்த எழுத்து சொல்லும். ஐ என்ற எழுத்தை விட்டுவிடுவதால் ஒரு சுற்றுக்கு 25 எழுத்துகள். கடைசியில் வரும் 1, ஒரு சுற்று முடிந்து இரண்டாம் சுற்று நடக்கிறது என்பதற்கு அடையாளம். கியூ பதினாறாவது எழுத்து. ஆகவே 1988 பிப்ரவரி பிற்பாதியில் வரிசைக்கு வந்த 41-வது பொருள் நம்முடையது.

இந்தக் கதையின் வேர் காவலூரில் இல்லை. அதற்கு 127 ஆண்டுகள் பின்னால், சென்னை நுங்கம்பாக்கத்துக்குப் போக வேண்டும்.

இன்று வானிலை மையம் இருக்கும் வளாகத்தில்தான் அந்நாளில் சென்னை வானாய்வகம் இருந்தது. வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி அதிகாரி 1786-ல் எழும்பூரில் சொந்தமாகத் தொடங்கியதைக் கிழக்கிந்தியக் கம்பெனி எடுத்துக்கொண்டு, 1792-ல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் எழுப்பியது. கருவியைத் தாங்க நட்ட கருங்கல் தூண் இன்றும் அங்கே இருக்கிறது. ஆசியாவில் கணித அறிவியலைப் பிரிட்டிஷ் தாராளம் ஊன்றிய காலத்தை ஆயிரம் ஆண்டுக்குப் பிறகு வருகிறவர்களும் அறியட்டும் என்ற பொருளில், தமிழும் தெலுங்கும் உட்படப் பல மொழிகளில் அதில் எழுதிவைத்தார்கள். ஆரியபட்டரும் பாஸ்கரரும் கணக்குப் போட்ட மண்ணில் இப்படி எழுதியது பெரிய பிழை என்றே நினைக்கிறேன். ஆனாலும் அந்தத் தூணைச் சுற்றி நடந்த வேலை உண்மையான வேலை. தாமஸ் கிளான்வில் டெய்லர் அங்கிருந்து 11,015 விண்மீன்களின் இடங்களை அளந்து பட்டியல் போட்டார்.

1861 தொடக்கத்தில் அங்கே அரசு வானியலாளராகப் பொறுப்பேற்றவர் நார்மன் ராபர்ட் போக்சன். நாட்டிங்காமில் 1829-ல் பிறந்தவர். இங்கு வரும் முன்பே மூன்று சிறுகோள்களைக் கண்டுபிடித்திருந்தார். வானியலில் இன்றுவரை மாறாத ஓர் அளவையும் தந்திருந்தார். விண்மீன்களின் பிரகாசத்தைப் பழங்காலம் தொட்டு முதல் தரம், இரண்டாம் தரம் என்று ஆறு வரை பிரித்துவந்தார்கள். ஒரு தரத்துக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று கணக்கு கிடையாது. ஐந்து தர வித்தியாசம் என்றால் சரியாக 100 மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம் என 1856-ல் அவர் சொன்னார். அப்படியானால் ஒரு படிக்குச் சுமார் 2.512 மடங்கு. உலகில் எந்த வானாய்வகத்தில் எந்த விண்மீனின் ஒளியை அளந்தாலும் அந்த எண் இன்றும் உள்ளே நிற்கிறது.

சென்னைக்கு வந்து சில வாரங்களிலேயே, 1861 ஏப்ரல் 17 இரவு, போக்சன் ஒரு புதிய சிறுகோளைக் கண்டார். புகைப்படம் இல்லாத காலம். கையால் வரைந்த விண்மீன் வரைபடத்தையும் தொலைநோக்கியில் தெரிவதையும் மாறிமாறிப் பார்த்து, படத்தில் இல்லாத புள்ளி ஒன்று வானத்தில் இருக்கிறதா என்று தேடுவார்கள். இருந்தால் அடுத்த இரவும் அதற்கடுத்த இரவும் பார்த்து, நகர்கிறதா என்று உறுதி செய்ய வேண்டும். மேகம் மூடினால் முதல் இரவின் உழைப்பு வீண். அன்று கிடைத்தது வரிசையில் 67-வது. ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு ஆசியா என்றே பெயர் வைத்தார். கிரேக்கப் புராணத்தில் அப்பெயரில் ஒரு பெண் தெய்வம் உண்டு. சிறுகோள்களுக்குப் பெண் தெய்வங்களின் பெயர் வைக்கும் அந்நாளைய வழக்கத்துக்கும் அது பொருந்தியது. ஏறத்தாழ 60 கிலோமீட்டர் குறுக்களவுள்ள 67 ஆசியா, 3.77 ஆண்டுக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றுகிறது.

நுங்கம்பாக்கத்திலிருந்து அவருக்கு மேலும் நான்கு கிடைத்தன. 1864-ல் 80 சாஃபோ, 1866-ல் 87 சில்வியா, 1868-ல் 107 கமில்லா, 1885-ல் 245 வேரா. இவற்றில் சில்வியாவைத் தனியாகச் சொல்ல வேண்டும். சுமார் 270 கிலோமீட்டர் குறுக்களவு. பட்டையின் பெரிய உறுப்பினர்களில் ஒன்று. 2001-ல் அதற்கு ஒரு நிலவு இருப்பது தெரிந்தது. 2005-ல் இரண்டாவது நிலவும் தெரிந்தது. இரண்டு நிலவுகளோடு சுற்றும் சிறுகோள் ஒன்று இருப்பதை உலகம் அப்போதுதான் முதன்முதலாக அறிந்தது. ரோம் நகரை நிறுவியதாகச் சொல்லப்படும் இரட்டையரின் பெயரில் அவற்றை ரோமுலஸ், ரெமுஸ் என்று அழைக்கிறார்கள். கமில்லாவுக்கும் பிறகு இரண்டு நிலவுகள் கிடைத்தன. குதிரை வண்டி ஓடிய நுங்கம்பாக்கத்திலிருந்து ஒரு மனிதர் கண்ணால் கண்டெடுத்த இரண்டு புள்ளிகள், ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் இரண்டு குடும்பங்களாகத் தெரிந்தன.

போக்சனோடு உழைத்த ஒரு தமிழ்நாட்டுக்காரரை மறக்கக் கூடாது. சிந்தாமணி ரகுநாதாச்சாரி, வானாய்வகத்தின் முதல் உதவியாளர். 1867-ல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். இன்று அதை ஆர் ரெட்டிகுலை என்று அழைக்கிறார்கள். லண்டனின் ராயல் வானியல் கழகம் அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. 1874-ல் வெள்ளிக்கோள் சூரியனைக் கடக்கப்போகிறது என்று பொதுமக்களுக்கு விளக்கி ஒரு சிறுநூல் எழுதினார். அது பல இந்திய மொழிகளில் வெளிவந்தது. வானியலைச் சொந்த ஊர்க்காரர்களுக்கு அவரவர் மொழியில் சொல்ல வேண்டும் என்று அந்தக் காலத்தில் ஒருவர் முனைந்தார். அவர் பெயர் நமது பள்ளிகளில் ஒலிக்காமல் போனது எனக்கு வருத்தம்.

போக்சன் 1891 ஜூனில் சென்னையிலேயே இறந்தார். அதே ஆண்டு டிசம்பரில் ஜெர்மனியில் மாக்ஸ் வோல்ஃப், புகைப்படத் தகட்டின் வழியாக முதல் சிறுகோளைக் கண்டுபிடித்தார். கண்ணும் வரைபடமும் மட்டும் இருந்த காலம் அத்தோடு முடிந்தது. 1899-ல் வானியல் பணி சென்னையிலிருந்து கொடைக்கானலுக்குப் போயிற்று. அங்கே கவனமெல்லாம் சூரியன்மேல். 1885-ல் வேரா கிடைத்தபின் 103 ஆண்டுகள் இந்திய மண்ணிலிருந்து ஒரு புதிய சிறுகோள்கூடப் பட்டியலில் ஏறவில்லை.

இடைவெளியை முடித்துவைத்த இடம் காவலூர். அதைத் தேர்ந்தெடுத்தவர் வைணு பாப்பு. கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநராக 1960-ல் வந்தவர், விண்மீன்களைப் பார்க்கத் தோதான இடம் தேடித் தென்னாட்டு மலைகளை ஆராய்ந்து, சந்தன மரங்களும் மலைவாழ் மக்களும் இருந்த இந்த ஊரில் வந்து நின்றார். கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரம். நகர வெளிச்சம் எட்டாத இருட்டு. நிலநடுக்கோட்டுக்கு அருகே இருப்பதால் வடவானத்தோடு தென்வானத்திலும் பெரும்பகுதி தெரியும். 1968-ல் 38 செ.மீ. தொலைநோக்கியோடு வேலை தொடங்கியது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்தபோது, அந்தக் கோளுக்கு வளையங்கள் இருப்பதை உலகுக்குக் காட்டிய அளவீடுகளில் காவலூரின் அளவீடும் ஒன்று. அதை எடுத்தவர்களில் ஜே.சி. பட்டாச்சார்யாவும் இருந்தார். பாப்பு 1982-ல் இறந்தபின் நிறுவனத்தை நடத்தும் பொறுப்பு அவரிடம் வந்தது. கல்கி திட்டம் நடந்தது அவருடைய காலத்தில்.

இங்கே ஒரு நுணுக்கம். காவலூரில் ராஜமோகன் பெயரில் முதலில் பதிவான சிறுகோள் ராமானுஜன் அல்ல. 1988 ஜனவரி 26 அன்றே வேறொன்று கிடைத்திருந்தது. ஆனால் ஒரு சிறுகோளைக் கண்டால் மட்டும் போதாது. சில இரவுகள் பார்த்துவிட்டுத் தொலைத்தால் அது தொலைந்ததுதான். பாதை உறுதிப்பட வேண்டும். அதற்குப் பல ஆண்டுகளின் பார்வைகள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். 1801 ஜனவரி 1-ல் பியாஸி முதல் சிறுகோளான சீரிஸைக் கண்டபோதும் இதே சிக்கல் வந்தது. சூரிய வெளிச்சத்தில் அது மறைந்துபோக, 24 வயது இளைஞர் காஸ் கணக்குப் போட்டு இன்ன இடத்தில் தேடுங்கள் என்று சொன்ன பிறகே திரும்பக் கிடைத்தது. வானத்தில் ஒரு கல்லுக்கு நிலையான இடம் கொடுப்பது கணிதம்தான். பாதை உறுதியான பின்னரே எண் தருவார்கள். எண் வந்த பின்னரே பெயர். பிப்ரவரியில் கிடைத்தது 4130 என்ற எண்ணை முந்திப் பெற்றது. ஜனவரியில் கிடைத்தது வெகுகாலம் காத்திருந்து 8348 ஆயிற்று. அதற்குப் பட்டாச்சார்யாவின் பெயரை வைத்தார்கள்.

எண் கிடைத்ததும் பெயர் முன்மொழியும் உரிமை கண்டுபிடித்தவருக்கு. ராமானுஜனின் நூற்றாண்டு 1987 டிசம்பரில்தான் நிறைவாகியிருந்தது. அது முடிந்து இரண்டு மாதத்துக்குள் கிடைத்த சிறுகோள் இது. ஆனாலும் நூற்றாண்டு இல்லாத ஆண்டாக இருந்தாலும் இதைவிடச் சரியான பெயர் இருந்திருக்காது என்பேன்.

ராமானுஜன் பிறந்தது ஈரோட்டில், தாய்வழிப் பாட்டனார் வீட்டில். அப்பா சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் குமாஸ்தா. துணி வந்த கணக்கும் போன கணக்கும் எழுதிய வீட்டுப் பிள்ளை அவர். நம் ஊரில் எத்தனை வீடுகளில் அந்த வேலை இன்றும் நடக்கிறது! கணக்கு நோட்டு எழுதும் அப்பாவுக்குப் பிறந்து, தானும் 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டு ஜனவரியில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலிருந்த கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார்.

அவர் வாழ்க்கையில் வானாய்வகம் ஒன்று குறுக்கே வந்ததும் உண்டு. 1913 பிப்ரவரியில் கில்பர்ட் வாக்கர் என்பவர் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தார். இந்தியாவின் வானாய்வகங்களுக்கெல்லாம் தலைமை இயக்குநர். அவரே நல்ல கணித அறிஞர். துறைமுகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங், ராமானுஜனின் நோட்டுகளை அவரிடம் காட்டினார். வாக்கர் மறுநாளே சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதி, இந்த இளைஞருக்கு முழு நேரம் கணிதம் செய்ய வசதி செய்து தர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அதன் பிறகுதான் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கிடைத்து, துறைமுகக் கணக்கிலிருந்து அவருக்கு விடுதலை. 1914 மார்ச்சில் கப்பலேறினார். 1918-ல் ராயல் சொசைட்டியின் ஃபெல்லோ. 1920 ஏப்ரல் 26 அன்று, 32 வயதில், சென்னை சேத்துப்பட்டில் மறைந்தார். சுற்றுப்பாதைகளை எண்ணால் கட்டிப்போடும் ஒரு துறை, எண்களோடே வாழ்ந்து முடிந்தவருக்குத் தன் பட்டியலில் ஓர் இடம் தந்தது நியாயம்.

1729 என்ற எண்ணையே அவருக்குக் கொடுத்திருக்கலாமே என்று சிலர் கேட்பதுண்டு. ஹார்டி ஏறி வந்த டாக்சியின் எண் 1729 என்பதும், இரண்டு கனங்களின் கூட்டாக இரண்டு விதமாக எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அதுதான் என்று படுக்கையிலிருந்தபடி ராமானுஜன் சொன்னதும் எல்லோரும் அறிந்தவை. 1,728 கூட்டல் 1. 1,000 கூட்டல் 729. ஆனால் 1729-வது சிறுகோள் 1963-லேயே அமெரிக்காவின் இண்டியானாவில் கண்டுபிடிக்கப்பட்டு, இண்டியானா பல்கலைக்கழகத்தின் சிறுகோள் பணிக்கு உதவிய ஒரு பெண்ணை நினைத்துப் பெரில் என்று பெயர் பெற்றுவிட்டது. எண் என்பது விருப்பத்துக்குக் கிடைப்பதில்லை. பாதை உறுதியான வரிசையில் வருவது.

தமிழர் பெயர் தாங்கிய சிறுகோள்கள் வேறு இடங்களிலும் பிறந்திருக்கின்றன. சுப்ரமணியன் சந்திரசேகர் பெயரிலான 1958 சந்திரா, 1970-ல் அர்ஜென்டினாவிலிருந்து கண்டுபிடிக்கப்பட்டது. விஸ்வநாதன் ஆனந்தின் பெயரிலான 4538 விஷியானந்த், ஜப்பானின் டொயோட்டா நகரில் கென்சோ சுசுகி கண்டது. நாள் 1988 அக்டோபர் 10. ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆன ஆண்டும் அதுவே. பெயர் வந்து சேர்ந்தது 2015-ல். இவையெல்லாம் பெருமைதான். ஆனாலும் தமிழ்நாட்டில் பிறந்தவரின் பெயரைத் தமிழ்நாட்டு மலையிலிருந்து கண்ட சிறுகோளுக்கு வைத்த 4130 எனக்கு ஒரு படி கூடுதல் நெருக்கம்.

பெயர் வைப்பதற்குச் சட்டதிட்டம் உண்டு. சர்வதேச வானியல் ஒன்றியத்தின் பெயர்க்குழு ஒப்ப வேண்டும். 16 எழுத்துக்குள் இருக்க வேண்டும். முன்னே வைத்த பெயரோடு குழம்பக் கூடாது. அரசியல்வாதிகள், படைத் தளபதிகள் பெயரென்றால் அவர்கள் இறந்து 100 ஆண்டு கழிந்திருக்க வேண்டும். வணிகப் பெயருக்கு இடமில்லை. ஆகவே எந்தப் பனியன் பிராண்டும் எவ்வளவு பணம் கொடுத்தாலும் அங்கே ஏற முடியாது. பெயரை விற்கிறோம் என்று சான்றிதழ் அச்சடித்துத் தருகிறவர்களுக்கும் அந்தப் பட்டியலுக்கும் தொடர்பே கிடையாது. எண் பெற்ற சிறுகோள்கள் ஏழு லட்சத்துக்கும் மேல். பெயர் பெற்றவை சுமார் 25,000 மட்டும்.

இன்னும் கண்டுபிடிக்கப்படாதவற்றைத் தேட மலைக்குப் போக வேண்டியதில்லை என்பதுதான் இன்றைய நிலை. சாயப்பட்டறைப் புகையும் கம்பெனி விளக்குகளும் கலந்து நம் வானம் இரவிலும் வெளுத்துக் கிடக்கிறது. இங்கே மொட்டைமாடியில் நின்று சிறுகோள் தேட முடியாது. ஆனால் ஹவாயில் உள்ள பான்-ஸ்டார்ஸ் தொலைநோக்கி எடுக்கும் படங்களைப் பள்ளி மாணவர்களுக்கு இணையத்தில் தந்து தேடச் சொல்லும் சர்வதேச வானியல் தேடல் கூட்டமைப்பு என்ற அமைப்பு இருக்கிறது. இந்தியாவிலிருந்தும் ஆண்டுதோறும் மாணவர் குழுக்கள் சேர்கின்றன. கட்டணம் இல்லை. பயிற்சியும் மென்பொருளும் அவர்களே தருகிறார்கள். சற்று நேர இடைவெளியில் எடுத்த நான்கு படங்கள் வரும். அவற்றை மாற்றி மாற்றி ஓடவிட்டு, நகரும் புள்ளியைப் பிடித்து, அதன் இடத்தை அளந்து அனுப்ப வேண்டும். கிடைத்தது புதிதென்றால் தற்காலிகக் குறியீடு வரும். பாதை உறுதியாகி எண் வரச் சில ஆண்டுகள் ஆகும். எட்டாம் வகுப்பில் தேடிய பிள்ளை கல்லூரி முடிக்கும்போது எண் வந்தால் வியப்பில்லை. அதன் பிறகு பெயர் சொல்லப் பத்தாண்டு அவகாசம். திருப்பூர், அவிநாசி, பல்லடம், ஈரோடு பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றில் ஒரு கணினியும் ஆர்வமுள்ள ஓர் அறிவியல் ஆசிரியரும் இருந்தால் அடுத்த தேடலுக்கே பதிவு செய்யலாம்.